என் கலியாணத்தைத் தள்ளிப்போட்ட காப்புறுதி மேசை

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவருக்குக் கும்பிடு கிடைக்கும், ஊசி போடுபவருக்குத் திட்டுக் கிடைக்கும். காப்புறுதி மேசையில் இருப்பவனுக்கு இரண்டும் ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் கிடைக்கும்.

மட்டக்களப்பில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் அந்த மேசை என்னுடையது. வாசலுக்குள் நுழைந்ததும் இடது பக்கம், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பேன். வருகிறவர்கள் முதலில் மீனைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு திரும்பவும் மீனையே பார்ப்பார்கள். அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு இருக்கிற மருத்துவக் காப்புறுதியில் எதற்குக் காசு வரும், எதற்கு வராது, என்னென்ன பத்திரம் வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. அந்தக் காப்புறுதி எனக்கே கிடையாது. நான் தனியார் ஊழியன்.

சம்பளத்தில் மாதாமாதம் காப்புறுதிக்கு வெட்டுக் கொடுத்துவிட்டு, 'கட்டின காசுக்கு ஒரு காய்ச்சலாவது வரக்கூடாதா?' என்று காத்திருக்கும் சக அவதிக்காரர்களே, இந்த மேசையால் அதிகம் கெட்டுப்போனவர் நீங்கள் இல்லை, நான்தான். என் கலியாணமும் என் மாமியின் பித்தப்பையும் ஒரே காப்புறுதிக்குள் மாட்டிக்கொண்டு, ஒன்று போனால்தான் மற்றது என்று நின்ற கதையைத்தான் சொல்ல வருகிறேன். ஆனால் என் தொழில் எப்படிப்பட்டதென்று தெரியாவிட்டால் நான் எப்படி மாட்டினேன் என்பதும் விளங்காது. ஆகவே வாடிக்கையாளர்களில் இருந்து தொடங்குகிறேன்.

அதே டொக்டர்

ஏறாவூர் ஹனீபா காக்கா, அதாவது ஹனீபா அண்ணன், தபால் கந்தோரில் வேலை செய்கிறார். குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்ய வேண்டியிருந்தது. "பெரியாஸ்பத்திரியில கிளினிக்குக்குப் போய்ப் போய்க் கால் தேஞ்சிட்டு தம்பி. காப்புறுதி இரிக்கு, நல்ல டொக்டராப் பாத்துப் போடுங்க" என்றார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னேரங்களில் வருகிற சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றி எடுத்துவிட்டேன். கை ராசிக்காரர், அனுபவசாலி, இந்தப் பக்கத்தில் அவரைப்போல் இன்னொருவர் கிடையாது என்றெல்லாம் சொன்னேன்.

காக்கா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தார். உள்ளே இருந்தவர், அன்று காலையில் பெரியாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்லும் அரசாங்க ஆஸ்பத்திரியின் கிளினிக்கில் காக்காவைப் பார்த்த அதே டொக்டர். எங்கள் ஊரில் இது ஒன்றும் ரகசியமில்லை. காலையில் அங்கே இருப்பவர்தான் மாலையில் இங்கே வருவார். நான்தான் அதைச் சொல்லாமல் புதிதாகக் கப்பலில் வந்திறங்கியவர் மாதிரி வர்ணித்திருந்தேன். காக்கா கோபிக்கவில்லை, யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவர் மாதிரிச் சொன்னார்: "காலைல முகத்தச் சுழிச்ச மனிசன் இப்ப என்னைப் பாத்துச் சிரிக்காரு. அப்ப காப்புறுதி என்ட வருத்தத்துக்கு இல்ல தம்பி, அவர்ர சிரிப்புக்குத்தான்."

எங்கே நோகுது?

வெறுமனே டொக்டரைப் பார்த்து மருந்து வாங்கிக்கொண்டு போனால் இந்தக் காப்புறுதியில் பெரிதாக ஒன்றும் வராது. கட்டிலில் படுத்தால்தான் கணக்கு. இதை நான் வருகிற எல்லோருக்கும் விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி, என் புண்ணியத்தில் எங்கள் பக்கத்தில் நடந்து திரிய வேண்டிய நோய் வருத்தங்கள் எல்லாம் படுக்கத் தொடங்கின. முதுகுப் பிடிப்பு படுத்தது. தலையிடி படுத்தது. ஒருவர் பல்வலிக்கும் படுக்க வந்தார்.

ஓட்டமாவடியில் இருந்து ஒரு விவசாய உத்தியோகத்தர் வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் தோளில் சாய்ந்தபடி வந்தவரைப் பார்த்து எனக்கே பதறியது. "எங்க நோகுது, ஐயா?" என்று ஓடிப்போய்க் கேட்டேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முனகலை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "எங்க நோகுதெண்டா கூடக் காசு தருவாங்கெண்டு முதல்ல நீங்க சொல்லுங்க."

சுகமானவர் கட்டிலில்

காய்ச்சலோடு வந்த ஆசிரியர் ஒருவருக்குச் சேலைன் ஏற்றியதும் பின்னேரமே சுகமாகிவிட்டது. எழும்பி உடுப்பு மாற்றி, சப்பாத்தும் போட்டுவிட்டார். நான்தான் ஓடிப்போய் மறித்தேன். ஓர் இரவாவது தங்காவிட்டால் காசு வராது என்று சொன்னதும், மனிதன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பவும் படுத்தார். அவருடைய மச்சான்மார் பிட்டும் மீன் குழம்பும் கொண்டுவந்தார்கள். அறைக்குள் சிரிப்பும் கும்மாளமுமாய் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மூச்சு இழுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தார். எங்களிடம் வேறு கட்டில் இல்லை. அவரை வராந்தாவில் கதிரை ஒன்றில் இருத்தி ஒட்சிசன் வைத்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு மீன் தொட்டிக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. கடைசியில் பிட்டுக் கோப்பையோடு ஆசிரியரை எழுப்பிக் கதிரைக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணைக் கட்டிலுக்கு மாற்றியவர் ஜெசிந்தா மிஸ்ஸி. பறங்கிக் குடும்பத்துப் பெண், எங்கள் ஆஸ்பத்திரியின் மூத்த தாதி, ஆள் தராதரம் பார்த்துப் பேசுகிற பழக்கம் இல்லாதவர். என் மேசையடிக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "வருத்தக்காரர் கதிரையில, சுகமானவர் கட்டில்ல. உங்கட மேசைய வாசல்ல போட்ட நாள்ல இருந்து இந்த ஆஸ்பத்திரி தலைகீழாத்தான் நிக்குது."

நாள் வைக்கப் போன இடம்

இப்படிப் பேர் எடுத்திருந்த நேரத்தில்தான் எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் தேற்றாத்தீவு, சுகந்தி என்று பெயர், ஆசிரியை. தகப்பன் இல்லை. தாய் ஒருவராக நின்று படிப்பித்து, மகளுக்கென்று வீடும் கட்டி முடித்திருந்தார். எல்லாம் பேசி முடிந்து, கலியாணத்துக்கு நாள் வைப்பதற்காக அம்மாவும் நானும் பலகாரத் தட்டுகளோடு போயிருந்தோம். எனக்கு அந்தப் பெண்ணை நன்றாகவே பிடித்திருந்தது. எவ்வளவு கிட்டவாக நாள் கிடைக்குமோ அவ்வளவுக்கு நல்லது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டுதான் போனேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த சுகந்தியின் தாய், எனக்கு வரப்போகும் மாமி, பாதி வழியில் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பித்தப்பையில் கல். பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ஒப்பரேசனுக்கு நாளும் கொடுத்திருந்தார்கள். அந்த நாள் வர இன்னும் எத்தனையோ மாதம் கிடந்தது. அவருக்கு முன்னால் அவ்வளவு சனம். நான் பேசாமல் பயத்தம் பணியாரத்தைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பெண் வீட்டில் மாப்பிள்ளைக்குத் தொழில் காட்ட ஆசை வராதா? "இதுக்கு ஏன் மாதக்கணக்கா நிக்கிறீங்க? உங்கட மகள் அரசாங்க உத்தியோகம். கலியாணம் கட்டாத பிள்ளையெண்டா தாய்க்கும் காப்புறுதி இருக்கு. எங்கட ஆஸ்பத்திரியில இந்தக் கிழமையே செய்யலாம்" என்றேன். என் அம்மா பெருமையாகச் சுற்றிப் பார்த்தார்.

"கட்டினா?" என்று சுகந்தி கேட்டார். அவர் என்னோடு நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "கட்டினா அந்த இடம் புருசனுக்கும் பிள்ளைகளுக்கும் போயிரும், தாய்க்கு இல்லை" என்று, மேசையில் இருந்து சொல்கிற அதே குரலில், நான் என் வாயாலேயே சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்குக் காதில் விழுந்தது. என் அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. சுகந்தி தாயின் முதுகைத் தடவியபடி, வலு அமைதியாகச் சொன்னார்: "அப்ப அம்மாட ஒப்பரேசன் முடிஞ்ச பிறகு நாள் வைப்பம். நீங்களே காப்புறுதிக்காரர், உங்களுக்கு நான் விளங்கப்படுத்தவா வேணும்?"

மாமியின் கட்சி

அதிலும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை என்றுதான் நினைத்தேன். ஒப்பரேசனைக் கெதியாகச் செய்துவிட்டால் கலியாணமும் கெதியாக வந்துவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தேற்றாத்தீவுக்குப் போய், டொக்டரிடம் நாள் வாங்கிவிட்டேன் என்று சொன்னேன். மாமி என்னை இருத்தி, நண்டுக் குழம்போடு சோறு போட்டு, நான் சாப்பிட்டு முடியும்வரை குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு முடியாது என்றார்.

அவருடைய கணக்கு வேறு. தகப்பன் இல்லாத பிள்ளை. தாலி ஏறுவதைப் பார்க்காமல் கத்திக்குக் கீழே படுக்க அவருக்கு மனம் இல்லை. தாய் போனால் துடக்கு, அதற்குப் பிறகு ஆண்டுத் திவசம் முடியும்வரை வீட்டில் நல்ல காரியம் இல்லை. அதற்குள் மாப்பிள்ளை வீடு மனம் மாறாது என்று என்ன நிச்சயம்? கலியாணம் முடிந்த அடுத்த நாளே பெரியாஸ்பத்திரியில் போய்ப் படுக்கிறேன், எத்தனை மாதம் காத்துக் கிடக்கச் சொன்னாலும் கிடக்கிறேன் என்றார். மகளோ, தாயின் உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டு மணவறையில் போய் இருக்க மாட்டேன் என்றார். இரண்டு பேரும் மற்றவருக்காகத்தான் பிடிவாதம் பிடித்தார்கள், அதனால்தான் எனக்கு ஒரு வழியும் இல்லாமல் போயிற்று. சண்டைக்காரர் என்றால் ஒரு பக்கம் சேரலாம். நான் இலையை மடித்துக்கொண்டு எழும்பும்போது மாமி சொன்னார்: "கத்தி வைக்கப் போய் நான் கண்ண மூடிட்டனெண்டா இந்த வீட்டில மேளம் அடிக்க ஏலாது மனே. முதல்ல புள்ளட கழுத்தில தாலி ஏறட்டும். மறுகா என்ட வயித்த வெட்டுங்க, என்னத்தையும் வெட்டுங்க."

குளிர் அறை

'மனே' என்று மகனாக்கி அவர் கூப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆஸ்பத்திரியை ஒரு தடவை பார்த்தால் பயம் போய்விடும் என்று சொல்லி, மாமியையும் சுகந்தியையும் ஒரு சனிக்கிழமை கூட்டிவந்தேன். மீன் தொட்டியைக் காட்டினேன். என் மேசையைக் காட்டினேன். ஜெசிந்தா மிஸ்ஸியிடம், இன்று ஒருநாள் மட்டும் வாயைத் திறக்க வேண்டாம் என்று முன்னமே கெஞ்சி வைத்திருந்தேன். மேல் மாடியில் எங்களிடம் இருக்கிற நல்ல அறையைத் திறந்து, குளிரூட்டியையும் முழு வேகத்தில் போட்டுவிட்டேன். வாவியில் தோணி போவதுகூட ஜன்னலால் தெரிந்தது.

மாமி கட்டிலின் விளிம்பில் இருந்தார். பக்கத்துக் கட்டில் எங்கே என்று கேட்டார். இந்த அறையில் ஒரு கட்டில்தான், உங்களுக்கு மட்டும், கரைச்சல் இருக்காது என்று பெருமையாகச் சொன்னேன். ஆக்கள் எத்தனை மணிக்குப் பார்க்க வரலாம் என்று கேட்டார். ஒருவர்தான் நிற்கலாம், மற்றவர்கள் கீழே இருக்க வேண்டும் என்றேன். சீலைத் தலைப்பை எடுத்து இரண்டு தோளையும் மூடினார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், புகை மாதிரி வந்த குளிரைப் பார்த்தார். பிறகு எழும்பிச் செருப்பைத் தேடினார்: "செத்தாப் பிறகுதான் மனே ஆக்கள இப்பிடித் தனியக் குளிருக்குள்ள வைக்கிற. நான் இன்னும் சாகல்ல."

தாமதம்

மாதங்கள் ஓடின. பெரியாஸ்பத்திரி கொடுத்த நாளையும், தாலி ஏறவில்லை என்று மாமி போகவிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் என் கதை தெரியாத ஆள் இல்லை என்றாயிற்று. பத்திரம் கொடுக்க வந்தவர்கள் பத்திரத்தை வைத்துவிட்டு, "மாமி என்ன சொல்றாவாம்?" என்று கேட்டார்கள். ஒரு கிராம சேவகர் கலியாணத்தைச் செய்துவிட்டுப் பதிவை மட்டும் தள்ளிவைத்தால் காகிதத்தில் கட்டாத பிள்ளைதானே என்று யோசனை சொன்னார். அதை நான் சுகந்தியிடம் சொன்னபோது, அவர் வகுப்பில் காப்பியடித்த பிள்ளையைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார். அத்தோடு அந்த யோசனை முடிந்தது.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு நல்லதும் நடந்தது. வாரக் கடைசியில் நான் தேற்றாத்தீவுக்குப் போவதும், மாமிக்கு எண்ணெய்ச் சாப்பாடு கூடாது என்று வகுப்பு எடுப்பதும், அவர் எனக்கு முன்னால் அவித்த மரக்கறியும் நான் போன பிறகு பொரித்த இறாலும் சாப்பிடுவதும் வழக்கமாயிற்று. கட்டாத கலியாணத்தில் நான் பாதி மருமகனாகிவிட்டேன். ஒப்பரேசன் முடிந்து, சுகமாகி, காசு வருவதற்காகக் காத்திருந்த ஹனீபா காக்கா ஒருநாள் என் முன்னால் வந்து இருந்தார். அவருடைய கோரிக்கை எங்கே நிற்கிறது என்று கேட்க வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் கேட்காமல் விட்டார்: "காப்புறுதிக் காசு லேட்டாகிறதப் பாத்திரிக்கன் தம்பி. மாப்புளையே லேட்டாகிறத இப்பதான் பாக்கிறன்."

ஓட்டோவில் இருந்து வந்த குரல்

ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்து இறங்கும் நேரத்தில் சுகந்தி தொலைபேசியில் எடுத்தார். அழுதுகொண்டு பேசினார். அயலில் ஒரு கலியாண வீட்டுக்குப் போன மாமி, சாப்பிட்டுவிட்டு வந்து, குளிரால் நடுங்கி விழுந்திருக்கிறார். கண் இரண்டும் மஞ்சள். அது அன்றைக்கு வந்த மஞ்சள் இல்லை, சில நாட்களாகவே இருந்திருக்கிறது. கீழ்காய்நெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு, மகளிடமும் என்னிடமும் மறைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றிவிட்டார்கள், இப்போது வந்துகொண்டிருக்கிறார்கள்.

 அதைக் கேட்ட மனிதன் என்ன பேச வேண்டும்? நான் என் தொழில் மொழியைப் பேசினேன். "உங்கட காப்புறுதி அட்டைய எடுத்தீங்களா? பழைய ஸ்கேன் ரிப்போட் இருக்கா? நேர எங்கட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க, நான் எல்லாம் ஆயத்தமா வைக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே போனேன். எங்களிடம் அப்படியான நோயாளியை வைத்துப் பார்க்கத் தீவிர சிகிச்சைப் பிரிவே இல்லை என்பது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. மறுபக்கம் ஓட்டோவின் இரைச்சல், சுகந்தியின் விசும்பல், மாமியின் முனகல். அவற்றுக்கு மேலால், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் சத்தமாகச் சொன்னது கேட்டது: "காப்புறுதிய நீங்க பாருங்க அண்ணன். உசிர நான் பாக்கிறன். பெரியாஸ்பத்திரிக்குத்தான் விடுறன்."

பைல்

நான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மாமியைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பெயர் கேட்டார்கள், வயது கேட்டார்கள், எப்போதிருந்து காய்ச்சல் என்று கேட்டார்கள். மகள் கலியாணம் கட்டியவரா கட்டாதவரா என்று ஒரு மனிதர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியில் நாங்கள் மூன்று பேரும் எத்தனை மாதம் தொங்கிக்கொண்டு நின்றோம்! கல் இறங்கிக் குழாயை அடைத்துவிட்டது, கிருமி இரத்தத்தில் ஏறுகிறது, உடனே செய்ய வேண்டும் என்றார்கள். ஒப்பரேசன் செய்ய வந்தவர் எங்கள் பின்னேர டொக்டர்தான். என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றார். "ஆர்?" என்று கேட்டார். "மாமி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேகமாக உள்ளே போனார்.

ஒப்பரேசன் தியேட்டருக்கு வெளியே கிடந்த நீள வாங்கில் சுகந்தியும் நானும் இருந்தோம். எனக்குப் பயமாக இருந்தது. அந்த முதல் நாள் பணியாரத்தைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் எப்போதோ தாலி ஏறியிருக்கும், மாமியும் சொன்ன சொல்லுக்கு வந்து படுத்திருப்பார் என்று நினைக்க நினைக்க என் நாக்கை நானே கடித்துத் துப்பலாம் போல் இருந்தது. சுகந்தியும் தன் பிடிவாதத்தை நினைத்துத்தான் அழுதிருக்க வேண்டும். "நான்தான்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். இல்லை, நான்தான் என்றேன். முதல் தடவையாக அவருடைய கையைப் பிடித்தேன், அதை நினைத்துச் சந்தோசப்படுகிற நிலையில் நான் இல்லை. மற்றக் கையில், ஏன் என்று தெரியாமலே, மேசையில் இருந்து எடுத்துவந்த மாமியின் பைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பக்கமாக வண்டி தள்ளிக்கொண்டு வந்த சிற்றூழியர் ஒருவர் நின்று, பைலையும் என்னையும் சுகந்தியையும் பார்த்தார்: "அதுக்கு இஞ்ச வேல இல்ல தம்பி. அதால அந்தப் புள்ளைக்கு விசுக்கிவிடுங்க, வேர்த்துக் கொட்டுது."

பக்கத்துக் கட்டில்

மாமி பிழைத்துவிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வார்ட்டுக்கு வந்தபோது பாதியாகிப் போயிருந்தார். ஆனால் கண் வெள்ளையாக இருந்தது. நான் வார்ட்டுக்கு வெளியே போய் நின்று ஒருமுறை நன்றாக அழுதுவிட்டு வந்தேன். கட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. கட்டில் கிடைக்காதவர்கள் கீழே பாயில் இருந்தார்கள். அவர்களில் மாமியைப்போலவே கல்லோடு, தங்கள் நாளுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். மாமிக்கு முந்தி இடம் கிடைத்தது அவர் சாகக் கிடந்ததால்தான். அதை நினைத்தால் என்னால் பகிடி விட முடியவில்லை.

ஆனால் என் தொழில் புத்தி எங்கே போகும்? இனி ஆபத்து இல்லை, சுகமாகும்வரை எங்கள் மேல் மாடி அறைக்கு மாற்றிவிடலாம், சுகந்தி இன்னும் கலியாணம் கட்டவில்லைதானே, காப்புறுதி இன்னும் கைவசம் இருக்கிறது என்று தொடங்கினேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது மாதிரிக் கிடந்தார். பார்வையாளர் நேரம் தொடங்கி, அவருடைய சொந்தக்காரர் எல்லாம் பிளாஸ்கும் கோப்பையுமாகக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். யாரோ சொன்ன ஊர்க் கதைக்கு, தையல் நோகுமே என்று வயிற்றைப் பிடித்தபடி மாமி சிரித்ததை நான் பார்த்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த காத்தான்குடி உம்மா ஒருவர்தான் எனக்குத் தீர்ப்புச் சொன்னார்: "உங்கட இடத்தில மெத்தை இரிக்காம், கதைக்க ஆளில்லையாம். இவவ இஞ்சயே விட்டுட்டு, நீங்க போய்க் கலியாணத்துக்கு நாளப் பாருங்க மகன்."

என்ட இடம்

நாளைப் பார்த்தோம். மாமிக்குக் கிளினிக்கில் எல்லாம் சரி என்று சொன்ன பிறகு, மேளம் அடித்து, தாலியும் ஏறிவிட்டது. மாமி முன்வரிசையில் நின்று, அழுதுகொண்டும், விருந்தில் யாருக்கு இறால் வரவில்லை என்று எட்டிப் பார்த்துக்கொண்டும் இருந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நானும் பெட்டியோடு தேற்றாத்தீவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கொஞ்ச நாளில் சுகந்தி தன் காப்புறுதியில் என் பெயரைச் சேர்க்க வேண்டி வந்தது. ஊரெல்லாம் நிரப்பிக் கொடுத்த எனக்கு, அந்த ஒரு படிவத்தைத் தொட மனம் வரவில்லை. சுகந்தி பேனையை எடுத்தார். தாயின் பெயரை எடுக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் அவருடைய கை நின்றுவிட்டது. இனி மாமிக்கு எது வந்தாலும் பெரியாஸ்பத்திரி வரிசைதான், நாங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.  மாமிதான் குசினியில் இருந்து வந்து, ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, "எழுதுகா, என்னத்தப் பாக்காய்?" என்று மகளை அதட்டி எழுத வைத்தார்.  ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், பேச்சுக்குப் பதிலாக இருமல்தான் வந்தது. மாமி திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்ணில் இருந்த ஈரத்தோடேயே சிரித்தார்: "என்ட பேர எடுத்துப் போட்டுத்தானே மனே உங்கட பேர வச்சிருக்கு. சும்மா வீணாக்காம, ஒருக்காலெண்டாலும் போய் ஆஸ்பத்திரியில படுத்துட்டு வாங்க."

ஊரில் உள்ள தலையிடியை எல்லாம் கட்டிலில் படுக்க வைத்துப் பழகிய நான், இப்போது வீட்டில் இருமல் வந்தால் வாவிக் கரைவரை நடந்துபோய், மாமிக்குக் கேட்காமல் இருமிவிட்டு வருகிறேன்.